எண்ணெய் வந்த வழி

இப்போதும் வடைச்சட்டியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் என் கால்கள் தானாக வாசலை நோக்கி நகர்கின்றன. அடுப்பை அணைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. மேல்நிலைப் பள்ளியில் பல வருடங்களாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பரீட்சை நேரத்தில் பதறாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். என்னை இப்படி ஆக்கியது என் மகளின் கார். அந்தக் காரை நாங்கள் விற்கவில்லை. விற்கச் சொன்னவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மகள் கோயம்புத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் என்ஜினியர். அங்கே யாரோ ஒருவர் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, லீவு நாட்களில் தானே பிரித்து, தானே மாட்டி ஓட வைத்தாள். சிவப்பு நிறம். இரண்டே இருக்கை. தரையோடு படுத்துக் கிடக்கிற மாதிரி உயரம். கோவில்பட்டியில் எங்கள் தெரு முனையில் இருக்கும் வேகத்தடையை அது கோணலாகத்தான் ஏறி இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூரில் கார்ப் பந்தயத் தடத்தில் ஓட்டிவிட்டு வந்து போனில் பேசுவாள். அப்போது அவள் குரலில் இருக்கும் தெளிவை வேறு எந்த நாளிலும் நான் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு, மற்ற பயங்களையெல்லாம் விழுங்கிக்கொள்வேன்.

ஆயுதபூஜைக்கு அந்தக் காரிலேயே ஊருக்கு வந்தாள். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள், உட்கார்ந்து பார்த்தார்கள், எழுந்திருக்கச் சிரமப்பட்டார்கள். மறுநாள் அவள் தண்ணீர் ஊற்றுவதற்காக பானட்டைத் திறந்தபோது உள்ளே ஒரு மஞ்சள் துணி முடிச்சு கட்டியிருப்பதைப் பார்த்தேன். வேண்டிக்கொண்டு காசை முடிந்து கட்டும் காணிக்கைத் துணி. எங்கள் பக்கத்தில் லாரியிலும் டிராக்டரிலும் கிணற்று மோட்டாரிலும்கூட அது தொங்கும். வேண்டுதல் முடிகிற வரை யாரும் அதை அவிழ்க்க மாட்டார்கள். சாமி விஷயத்தில் ஒட்டாமல் இருக்கிற பெண் தானாகவே கட்டியிருக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கேட்டால் கூச்சப்படுவாள் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கார் ஒழுக ஆரம்பித்தது. கோயம்புத்தூரில் அவள் நிறுத்தும் இடத்திலெல்லாம் என்ஜின் ஆயில் சொட்டியது. அங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, என்ஜினின் தலையை மூடும் டேப்பட் கவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றினாள். கொஞ்ச நாள் நின்றது, மறுபடி ஒழுகியது. மறுபடி மாற்றினாள்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு நாள். எட்டயபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போய்விட்டு நானும் அவளும் அந்தக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வேகமாகக்கூடப் போகவில்லை.

"எம்மா, ஏதோ தீயுத வாடை வருதா?"

"காட்டுல எவனாவது குப்பையக் கொளுத்துவான்."

"ஈரத்துல எவன் கொளுத்தப் போறான்?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் பானட்டின் ஓரங்களிலிருந்து புகை வந்தது. காரை ஓரம் கட்டி என்ஜினை அணைத்தாள். "இறங்கு. தூரப் போ. போம்மா!" அந்தப் பள்ளமான இருக்கையிலிருந்து சேலையோடு எழுந்திருக்க முடியாமல், கையை ஊன்றித் தவழ்ந்துதான் வெளியே வந்தேன். சாலையை விட்டு இறங்கிப் பருத்திக் காட்டுக்குள் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவள் என்னோடு வரவில்லை. இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்த சிறிய தீயணைப்பு உருளையை எடுத்துக்கொண்டு காரின் முன்னால் நின்றாள். பானட்டைக் கொஞ்சமாகத் தூக்கினாள். அந்த இடைவெளியில் விரல் நீளத்துக்கு ஒரு தீ எட்டிப் பார்த்ததை நான் கண்டேன்.

அவளிடம் ஓட வேண்டும் என்று காலை எடுத்தேன். கால் வரவில்லை. மழை குடித்த கரிசல் இரண்டு செருப்பையும் கணுக்காலையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. என் பிள்ளை தீக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் நட்டு வைத்த கம்பு மாதிரி காட்டில் நிற்கிறேன். எண்ணெய் காயும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது தீ இல்லை, அந்தக் கால்கள்தான்.

அவள் உருளையை இடைவெளிக்குள் நுழைத்து அடித்தாள். வெள்ளைத் தூள் புகையோடு கிளம்பியது. அதற்குள் ஒரு மினி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள்.

"ஏலே, அந்தத் தண்ணிக் கேனை எடுல! ஊத்து!"

"ஊத்தாதீங்க அண்ணாச்சி! எண்ணெய்த் தீ! ஊத்துனா பரவும்!" என்று மகள் கத்தினாள்.

தீ அணைந்துவிட்டது. செருப்பைக் காட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நான் சாலைக்கு வந்தபோது, கூட்டம் காரைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தது.

"இதென்ன தாயி, ரெண்டு பேருக்கு மேல உக்கார முடியாதா? ஆட்டுக்குட்டியக்கூட ஏத்த முடியாது போலயே."

"பொம்பளப் பிள்ளைக்கு ஒரு ஸ்கூட்டர் போதாதா?"

"ஸ்கூட்டரும் தீப்பிடிக்கத்தான் செய்யும் அண்ணாச்சி" என்றாள் மகள். முகமெல்லாம் வெள்ளைத் தூள். குரல் மட்டும் நடுங்கவில்லை. எல்லாவற்றையும் ஒருவர் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வீடு வந்து சேருமுன் அந்தப் படம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் என் மைத்துனர், கணவரின் அண்ணன், வந்தார். விளாத்திகுளம் பக்கம் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். குடும்பத்தில் மூத்தவர், அவர் சொன்னால் சொன்னதுதான். கட்டி இழுத்துக்கொண்டு வந்து தகர ஷெட்டில் நிறுத்தியிருந்த காரை ஒரு தடவை சுற்றி வந்தார்.

"ஏம்மா, பிள்ளைய உசுரோட பாத்தாச்சுல்லா? அதோட நிறுத்திக்கிடுவோம். ஞாயித்துக்கிழமை மதுரைல இருந்து புரோக்கர் வாரான். இருக்க நிலைல எடுத்துக்கிடுதேன்னு சொல்லிட்டான்."

"யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க அத்தான்?"

"யாரைக் கேக்கணும்? தம்பிட்டப் பேசிட்டேன்."

என் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். போன் போட்டேன். "அண்ணன் சொல்லுததுல என்ன தப்பு இருக்கு? உனக்குப் பயமா இல்லியா?" என்றார்.

"பயமாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் நின்றுகொண்டிருந்தாள். "வித்துரலாம்மா" என்றாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் ஒருவேளை நானும் மைத்துனர் பக்கம் சேர்ந்திருப்பேன். நான் போனில் பயம் என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, எனக்காக, ஏதோ பழைய துணியைத் தூக்கிப் போடுகிற மாதிரி அவள் சொன்னாள். முன்னால் நின்று தீயை அணைத்தவள் அவள். ஏன் தீப்பிடித்தது என்று தெரியாமலே காரை அனுப்பிவிட்டால், காலம் முழுக்க அந்தத் தீக்கு அவள்தான் காரணம் என்று ஆகும். எங்கள் சொந்தத்தில் அதை மறக்க மாட்டார்கள். ஒவ்வொரு கல்யாண வீட்டுப் பந்தியிலும் பரிமாறுவார்கள்.

"எங்கருந்து ஒழுகுதுன்னு தெரியாம ஒண்ணையும் விக்க முடியாது" என்றேன். "முதல்ல கண்டுபிடி. அப்புறமும் நீ விக்கணும்னு நினைச்சா வித்துக்கோ. எனக்காக விக்காத."

மைத்துனருக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்ச பொம்பள பேசுத பேச்சா இது? தீப்பிடிச்ச வண்டிய வச்சுக்கிட்டு?"

"உங்க மகன் பைக்கைக் கொண்டுபோய்ப் பாலத்துல இடிச்சு காலை ஒடிச்சுக்கிட்டு வந்தானே, அப்ப என்ன செஞ்சீங்க அத்தான்?"

"அவன் ஆம்பளப் பிள்ளை. அது வேற."

"வேற பைக்தான் வாங்கிக் குடுத்தீங்க. உங்க டிராக்டருக்கு அடியில வருஷம் பூரா ஆயிலுக்கு டப்பா வச்சிருக்கீங்க. அதையும் ஞாயித்துக்கிழமை புரோக்கர்ட்ட சேத்துக் குடுத்துருவோமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. பேசி முடித்த பிறகு பயம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை.

மகள் லீவு சொன்னாள். நானும் பள்ளிக்கு லீவு சொன்னேன். காரைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, அதன் வயிற்றை மூடியிருந்த அடித்தகட்டைக் கழற்றினாள். ஒரு கூடைக் கரிசல் சேறு கீழே விழுந்தது, எண்ணெயில் பிசைந்த எள்ளுருண்டை மாதிரி.

"இதோ, இந்த மூலைலதான ஈரமா இருக்கு? இங்கதான் ஓட்டை" என்றேன்.

"சொட்டுத இடம் வேற, ஒழுகுத இடம் வேறம்மா. மேல எங்கயாவது கிளம்பும். கார் ஓடும்போது காத்து அதைப் பின்னால தள்ளிட்டுப் போகும். கடைசில எங்கன பள்ளமோ அங்கன வந்து சொட்டும். முதல்ல எல்லாத்தையும் கழுவணும். கழுவாமப் பாத்தா எல்லா இடமும் குத்தவாளி மாதிரித்தான் தெரியும்."

கழுவினோம். அவள் மின்சாரம் படக்கூடிய இடங்களையெல்லாம் பாலிதீன் பையால் கட்டினாள். பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்துத் தேய்த்து, பிறகு பாத்திரச் சோப்புத் தண்ணீர், பிறகு பழைய துணி. தீ நாக்கு பட்ட இடத்தில் உலோகம் கறுத்திருந்தது. அதை நான் துடைக்கவில்லை, அவளே துடைத்தாள். நன்றாகக் காய்ந்த பிறகு, "உன் முகப் பவுடர் டப்பாவை எடுத்துட்டு வா" என்றாள்.

"எதுக்குட்டி?"

"அதுக்குப் பூசி விடத்தான். பொண்ணு பாக்க வாராங்கல்லா ஞாயித்துக்கிழமை."

துணிக் கையுறையில் பவுடரைக் கொட்டி, ஒத்தி ஒத்தி என்ஜினின் மேலும் பக்கமும் வெள்ளையாக்கினாள். எண்ணெய் எங்கிருந்து கிளம்பினாலும் வெள்ளையில் தடம் காட்டும். சாவியைத் திருப்பினாள். தீயணைப்பு உருளை ஒன்று புதிதாக வாங்கி என் காலடியில் வைத்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ஜின் சூடாகும் வரை ஒன்றும் இல்லை. அப்புறம், டேப்பட் கவரின் பின்மூலையில், பட்ட எண்ணெய் பற்றிக்கொள்ளும் அளவு சுடுகிற எக்ஸாஸ்ட் புகைக்குழாய்க்கு நேர் மேலே, வெள்ளையில் ஒரு பழுப்புக் கோடு இறங்கியது.

"அதே இடம்" என்று அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "புது கேஸ்கெட்டும்மா. ரெண்டாவது தடவை நானே கூட இருந்து மாட்டுனேன். ஒழுங்காத்தான் உக்காந்திருக்கு. அப்ப கவரே வளைஞ்சிருச்சோ என்னமோ. இது ஆகாது போல."

எனக்கு என்ஜின் தெரியாது. குக்கர் தெரியும். ஒரு தடவை எங்கள் குக்கரில் மூடியைச் சுற்றி ஆவி சீறியது. கேஸ்கெட் போய்விட்டது என்று புதிது வாங்கிப் போட்டேன். அதுவும் சீறியது. கடைசியில் பார்த்தால், விசில் போடும் துவாரத்தில் துவரம்பருப்புத் தோல் அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கிற அழுத்தம் போக வழியில்லாமல் கேஸ்கெட்டை முட்டித் தள்ளியிருக்கிறது. கேஸ்கெட் பாவம், அது என்ன செய்யும்.

"ஏட்டி, இதுக்கு விசில் எங்கன இருக்கு?" என்று கேட்டேன்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "என்னம்மா சொன்ன?"

எழுந்து பார்த்தாள். ஆயில் அளவைப் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி அதன் குழாயிலிருந்து கொஞ்சம் மேலே எழும்பியிருந்தது. அழுத்தி உட்கார வைத்தாள். என்ஜின் ஓட ஓட, அது மறுபடி எழும்பியது. ஆயில் ஊற்றும் மூடியைத் துணி போட்டுப் பிடித்துத் தளர்த்தினாள். புஸ்ஸென்று காற்று அடித்தது. துணியில் எண்ணெய்ப் பொட்டுகள் தெறித்தன.

"உள்ள அழுத்தம் கட்டியிருக்கும்மா. உன் விசில் அடைச்சிருக்கு" என்று என்ஜினை அணைத்தாள். டேப்பட் கவரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் கிளம்பி, என்ஜின் காற்று இழுக்கும் பக்கம் போய்ச் சேர்கிறது. என்ஜின் மூச்சு விடுவது அதன் வழியாகத்தானாம். அவள் விரல் அந்தக் குழாயைத் தடவிக்கொண்டே போனது. பாதியில் நின்றது. அங்கே அந்த மஞ்சள் துணி இருந்தது. இப்போது மஞ்சளில்லை, கறுப்பு. முடிச்சின்மேல் முடிச்சாக இறுக்கிக் கட்டியதில், வயதான ரப்பர் சூட்டில் இளகி, உடுக்கையின் நடுப்பகுதி மாதிரி ஒடுங்கிப்போயிருந்தது.

"இவ்வளவு இறுக்கியா கட்டுவ?" என்றாள்.

"நானா? நீ கட்டுனன்னுல்லா நினைச்சேன்!"

"நான் எதுக்கு இதைக் கட்டப் போறேன்? நீ எனக்காகக் கட்டியிருக்கன்னுதான் விட்டு வச்சேன். மெக்கானிக்குட்டயும் அவுக்காதீங்க, எங்கம்மா கட்டுனதுன்னு சொன்னேன். சாமி துணிய நாங்க தொடமாட்டோம் பாப்பான்னு அவரும் சுத்திச் சுத்தி வேலை பாத்தாரு."

எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவள், நான், கேஸ்கெட் மாற்றியவர். பக்தியினாலும் பாசத்தினாலும் ஒருவரும் அதைத் தொடவில்லை.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். எண்ணெய் ஊறி இறுகிக் கிடந்தது. "இருமா, நான் பண்ணுதேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தையல் கத்தரிக்கோலை எடுத்து வந்து நானே வெட்டினேன். வேண்டுதல் துணியை வெட்டக் கூடாது என்று வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் வெட்டினேன். சாமிக்குச் சேர வேண்டியது உள்ளே இருக்கும் காசு. என் மகளின் என்ஜின் மூச்சை அடைத்துக்கொண்டு எந்தச் சாமியும் உட்கார்ந்திருக்காது.

குழாய் பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. பஜாரில் எண்ணெயும் சூடும் தாங்குகிற குழாய் வாங்கி மாட்டினாள். பிதுங்கியிருந்த கேஸ்கெட்டையும் மாற்றினாள். மறுபடி துடைத்து, மறுபடி பவுடர் பூசி, ஓட விட்டோம். டிப்ஸ்டிக் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. பவுடர் வெள்ளையாகவே இருந்தது. என்ஜினை அணைத்துப் பார்த்தோம், திரும்பவும் ஓட்டிப் பார்த்தோம். வெள்ளைதான்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் புரோக்கரோடு வந்தார். வெட்டிய துணியும் ஒரு ரூபாய்க் காசும் ஒரு தட்டில் இருந்தன. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இதை யாரு அறுத்தது?"

"நான்தான். யாரு கட்டுனது அத்தான்?"

"ஆயுதபூஜை அன்னைக்கு நான்தான் கட்டுனேன். கழுகுமலை முருகனுக்கு. வெளிய தெரியுத மாதிரிக் கட்டுனா பிள்ளை அவுத்து எறிஞ்சிருவாள்னு உள்ள கட்டுனேன்."

குழாயைக் காட்டி மகள் விளக்கினாள். குரலை உயர்த்தவில்லை. அவர் அந்த ஒடுங்கிய ரப்பரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன வேண்டிக்கிட்டுக் கட்டுனீங்க பெரியப்பா?" என்று கேட்டாள்.

அவர் ரப்பரைத் தட்டில் வைத்தார். "இந்தக் காரு இந்த வீட்ட விட்டுப் போயிரணும்னு" என்றார். "உனக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுன்னுதான் தாயி. சத்தியமா அதுக்குத்தான்."

"நல்லாத்தான் பலிச்சிருக்கு. நானும் சேந்து போகப் பாத்தேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருடைய பயமும் என்னுடைய பயமும் ஒரே பயம்தான். ஆனால் அந்தப் பயம் அவரை முடிச்சுப் போட வைத்தது. பாவம் என்பதற்காக நான் இளக முடியாது.

"அண்ணாச்சி, அப்ப வண்டி?" என்றார் புரோக்கர்.

"வண்டி விக்கிறதுக்கு இல்ல" என்றேன்.

"அப்ப ஒரு காப்பியாவது குடுங்கக்கா. மதுரைல இருந்து வந்திருக்கேன்."

காப்பி கொடுத்தேன். மைத்துனர் அதைக் குடிக்காமல், "சாமிக்கு முடிஞ்ச காசு வீட்டுல இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

"இருக்காது. இன்னைக்கே கொண்டுபோய்ச் சேத்திருதோம். எந்தக் கார் போகணும்னு வேண்டுனீங்களோ அந்தக் கார்லயே" என்றேன்.

கணவருக்குப் போன் போட்டு, காரணம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். இப்போது பயம் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, ஆனாலும் போகிறோம் என்றேன்.

புறப்படும்போது செருப்பை விட்டுவிட்டு, மகளின் கான்வாஸ் ஷூவைக் கேட்டு வாங்கி, சேலைக்கு அடியில் போட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவள் சிரித்தாள். சிரிக்கட்டும். இன்னொரு முறை கரிசலில் ஓட வேண்டி வந்தால் என் கால் வர வேண்டும்.

கழுகுமலை சாலையில் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. நான் வழியெல்லாம் மோந்துகொண்டே போனேன். ஈர மண் வாடை, எங்கோ ஆட்டுக் கிடை வாடை, அவள் தலை ஷாம்பு வாடை. ஒவ்வொன்றும் முதல் நொடியில் எனக்குத் தீயும் வாடையாகத்தான் இருந்தது. ஒரு இடத்தில், "இன்னும் கொஞ்சம் வேகமாப் போ" என்று நானே சொன்னேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ரோட்டப் பாத்து ஓட்டுட்டி" என்றேன்.

கோயிலுக்குள் போகுமுன் என்ஜினுக்கு நேர் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து வைத்தாள். காசை உண்டியலில் போட்டேன். புதிதாக எதுவும் வேண்டவில்லை. உன் பாக்கி வந்து சேர்ந்துவிட்டது, பிள்ளை ஓட்டுவாள் என்று தகவல் மட்டும் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தபோது செய்தித்தாள் காய்ந்தபடியே கிடந்தது. குனிந்து, கையால் தடவிப் பார்த்துத்தான் நம்பினேன்.

அவள் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறாள். ஓட்டிவிட்டுப் போன் செய்கிறாள். சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால், விசில் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறேன். மைத்துனர் இன்னும் அந்தக் காரில் ஏறவில்லை. ஆனால் போன வாரம் தன் டிராக்டரின் பானட்டைத் திறந்து, அதில் எங்கெங்கே துணி கட்டியிருக்கிறது என்று பார்த்தாராம். அவர் மகன் சொன்னான்.

அந்தக் காணிக்கைத் துணியை நான் எறியவில்லை. துவைத்தேன். கறை முழுதாகப் போகவில்லை. மகள் அதைக் காரிலேயே வைத்திருக்கிறாள். டிப்ஸ்டிக்கைத் துடைக்க.